சேனல் மனத்தை மாற்றுகிறதா, மனம் சேனலைத் தேடுகிறதா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: கட்சி சார்ந்த செய்திச் சேனல்கள் மக்களின் அரசியல் கருத்தை உண்மையிலேயே மாற்றுகின்றனவா, அல்லது ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்தவர்கள் தங்களுக்கு இனிப்பான சேனலைப் பார்க்கிறார்களா? அமெரிக்காவில் குடியேறி முப்பது ஆண்டுகள் ஆன உங்கள் மாமா, அங்குள்ள வலதுசாரிச் செய்திச் சேனலான ஃபாக்ஸ் நியூஸ் பார்க்கத் தொடங்கிய சில ஆண்டுகளில் ஆளே மாறிவிட்டார் என்றும் எழுதியிருந்தீர்கள். அமெரிக்காவை வைத்தே பதில் சொல்கிறேன். இந்த விஷயம் அங்கேதான் மிக நுட்பமாக அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது.

இரண்டுமே நடக்கின்றன என்பதுதான் சுருக்கமான பதில். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் முக்கியமானது விட்டுப்போகும். கட்சிச் சேனல் ஒருவரை ஒரு கட்சியிலிருந்து பிடுங்கி இன்னொரு கட்சியில் நடுவது அபூர்வம். அது பெரும்பாலும் செய்வது வேறு: உங்கள் காதுக்கு எந்தச் செய்தி வரவேண்டும், எது வரவே கூடாது என்பதை அது தீர்மானிக்கிறது. அந்தச் செய்திகளை வைத்துக்கொண்டு நீங்களாகவே ஒரு முடிவுக்கு வருகிறீர்கள். அந்த முடிவு உங்கள் சொந்த யோசனை என்றே உங்களுக்குத் தோன்றும். இதன் ஆபத்து இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் மாலைச் செய்தி என்றால் ஏபிசி, சிபிஎஸ், என்பிசி ஆகிய மூன்று நிறுவனங்கள்தான். எல்லாக் கட்சிக்காரரும் அவற்றைப் பார்க்கவேண்டும் என்பதால், யாரையும் பெரிதாகப் பகைத்துக்கொள்ளாத செய்தியே அவற்றுக்கு லாபம். சர்ச்சைக்குரிய விஷயங்களில் மறுதரப்பையும் ஒலிபரப்பவேண்டும் என்று 1949 முதல் அரசு விதி ஒன்றும் இருந்தது. 1987இல் அது கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டே ரஷ் லிம்பாவின் வலதுசாரி வானொலி நிகழ்ச்சி நாடு முழுவதும் ஒலிக்கத் தொடங்கியது. அந்த விதி மட்டும் இருந்திருந்தால் ஃபாக்ஸ் நியூஸே வந்திருக்காது என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. அரசு உரிமம் பெற்று அலைவரிசையைப் பயன்படுத்தும் நிலையங்களுக்குத்தான் அந்த விதி பொருந்தியது. கேபிள் சேனலை அது கட்டுப்படுத்தியிருக்க முடியாது. கேபிள் வந்து சேனல்கள் ஐம்பது, நூறு என்று பெருகியபோது நாட்டில் பாதிப்பேரைப் பகைத்துக்கொண்டாலும் மீதிப்பேரில் ஒரு பகுதியை இறுகப் பிடித்துக்கொண்டால் போதும் என்ற கணக்கு கைகூடியது. 1996 அக்டோபர் 7 அன்று ஊடக முதலாளி ரூபர்ட் முர்டோக்கின் பணத்திலும் ரோஜர் எய்ல்ஸின் தலைமையிலும் ஃபாக்ஸ் நியூஸ் தொடங்கியது. அமெரிக்காவின் இரு பெரிய கட்சிகளில் ஜனநாயகக் கட்சிக்கு எதிரே வலதுசாரிப் பக்கம் நிற்பது குடியரசுக் கட்சி. எய்ல்ஸ் அந்தக் கட்சியின் அதிபர்களுக்குத் தேர்தல் ஆலோசனை சொல்லிப் பழகியவர்.

இனி, அளப்பதில் உள்ள சிக்கல். ஃபாக்ஸ் பார்ப்பவர்களையும் பார்க்காதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இவர்கள் கருத்து வேறு, அவர்கள் கருத்து வேறு என்று காட்டினால் அது எதையும் நிரூபிக்காது. சேனலால் கருத்து வந்ததா, கருத்தால் சேனலுக்கு வந்தார்களா என்பது அதில் தெரியாது. யார் பார்க்கிறார்கள் என்பது அவர்களுடைய விருப்பத்தைச் சாராமல் தற்செயலாக அமைந்த ஒரு சூழல் ஆய்வாளர்களுக்குத் தேவைப்பட்டது. ஃபாக்ஸின் தொடக்க ஆண்டுகளே அப்படியொரு வாய்ப்பைக் கொடுத்தன. புதிய சேனலைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை ஒவ்வோர் ஊரின் கேபிள் நிறுவனமும் தனித்தனியாக முடிவு செய்தது. தன் சேனலைச் சேர்த்துக்கொள்ளும்படி கேபிள்காரர்களுக்கு முர்டோக் பணம் கொடுத்தார்; அப்படியும் 2000ஆம் ஆண்டு வாக்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஊர்களுக்குத்தான் அது எட்டியிருந்தது. அடுத்தடுத்த இரண்டு ஊர்கள், ஒரே மாதிரி மக்கள், ஒன்றில் ஃபாக்ஸ் வருகிறது, மற்றொன்றில் வரவில்லை.

பொருளியலாளர்கள் ஸ்டெஃபானோ டெல்லாவிக்னாவும் ஈதன் கப்லானும் இந்த ஊர்களின் வாக்குக் கணக்கை எடுத்து ஒப்பிட்டார்கள். 2007இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஃபாக்ஸ் வந்த ஊர்களில் 1996க்கும் 2000க்கும் இடையே குடியரசுக் கட்சியின் வாக்கு விகிதம் 0.4 முதல் 0.7 சதவீதப் புள்ளி வரை கூடுதலாக உயர்ந்தது. அரைப் புள்ளிதானே என்று தோன்றலாம். 2000 அதிபர் தேர்தலில் ஃபுளோரிடாவை ஜார்ஜ் புஷ் 537 வாக்குகளில் வென்றார், அந்த மாநிலத்தோடு வெள்ளை மாளிகையையும் வென்றார் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதைவிடச் சுவையானது கிரெகரி மார்ட்டின், அலி யுருகோக்லு இருவரின் ஆய்வு. ரிமோட்டில் சேனலை மாற்றிக்கொண்டே போகும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. கேபிள் வரிசையில் 25ஆம் எண்ணில் இருக்கும் சேனல், 65ஆம் எண்ணில் இருப்பதைவிடக் கண்ணில் அதிகம் படும். ஃபாக்ஸுக்கு எந்த ஊரில் எந்த எண் கிடைத்தது என்பதற்கும் அந்த ஊர் மக்களின் அரசியலுக்கும் பெரிய தொடர்பு கிடையாது. இந்த எண்ணை வைத்தே அவர்கள் சேனலின் தாக்கத்தைப் பிரித்தெடுத்தார்கள். கேபிளிலிருந்து ஃபாக்ஸை எடுத்துவிட்டிருந்தால், 2000இல் குடியரசுக் கட்சியின் அதிபர் தேர்தல் வாக்கு 0.46 புள்ளி குறைந்திருக்கும், 2004இல் 3.59 புள்ளி, 2008இல் 6.34 புள்ளி. இது அவர்களுடைய மதிப்பீடு. தாக்கம் ஏன் வளர்ந்தது? பார்ப்பவர்கள் பெருகினார்கள், சேனலின் சாய்வும் கூடிக்கொண்டே போனது. கடைசி எண்ணை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். நடக்காத ஓர் உலகத்தைக் கணக்குப் போட்டுக் கட்டும் மாதிரியில் ஊகங்கள் நிறைய. ஆனால் திசையில் எனக்குச் சந்தேகமில்லை. இன்னொரு முடிவையும் அவர்கள் சொன்னார்கள்: பிடித்த சேனலைத் தேடிப்போவதும், போன இடத்தில் மேலும் சாய்வதும் சேர்ந்துதான் பிளவை வளர்க்கின்றன. ஆக, நீங்கள் கேள்வியில் எதிரெதிராக நிறுத்திய இரண்டும் உண்மையில் ஒன்றுக்கொன்று துணை.

யாரை அசைத்தது என்பதும் தெரிந்திருக்கிறது. ஃபாக்ஸ் பரவிய இடங்களில் டேனியல் ஹாப்கின்ஸும் ஜொனாத்தன் லேடும் செய்த ஆய்வில், தாக்கம் குடியரசுக் கட்சிக்காரர்களிடமும் எந்தக் கட்சியையும் சாராதவர்களிடமும்தான் தென்பட்டது. ஜனநாயகக் கட்சிக்காரர்களை அது அசைக்கவில்லை. தன் பக்கம் ஏற்கெனவே லேசாகத் தலை சாய்த்திருப்பவரை முழுக்கச் சாய்ப்பதில்தான் இந்தச் சேனல்களின் வலிமை இருக்கிறது.

இப்போது நான் மிக முக்கியமாகக் கருதும் சோதனைக்கு வருகிறேன். 2020 செப்டம்பர், டிரம்புக்கும் பைடனுக்கும் இடையிலான தேர்தல் சூடு உச்சத்தில் இருந்த மாதம். டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற இரண்டு அரசியல் ஆய்வாளர்கள், ஃபாக்ஸை வழக்கமாகப் பார்க்கும் 763 பேரைத் திரட்டினார்கள். குலுக்கல் முறையில் அவர்களில் சுமார் 40 சதவீதம் பேரைத் தேர்ந்தெடுத்து, ஃபாக்ஸ் பார்க்கும் நேரத்தில் அதற்கு எதிர்முகாமாகக் கருதப்படும் சிஎன்என் பாருங்கள், மணிக்கு 15 டாலர் தருகிறோம், வாரத்துக்கு ஏழு மணி நேரம் வரை என்றார்கள். உண்மையில் பார்த்தார்களா என்று சோதிக்க நிகழ்ச்சியிலிருந்து கேள்விகளும் கேட்டார்கள். கருத்து முதிர்ந்து இறுகிப்போனவர்கள் இவர்கள். எதுவும் மாறாது என்றுதான் அரசியல் ஆய்வின் பழைய பாடங்கள் சொல்லும்.

மாறியது. பைடன் ஜெயித்தால் கறுப்பின உரிமைப் போராட்டக்காரர்கள் இன்னும் நிறையப் போலீஸாரைச் சுடுவார்கள் என்று நம்புவது, மற்ற ஃபாக்ஸ் பார்வையாளர்களோடு ஒப்பிட 13 புள்ளி குறைந்தது. போலீஸ்காரர் சுடப்பட்டால் பைடன் ஆதரவாளர்கள் மகிழ்ச்சியடைகிறார்கள் என்று நம்புவது 10 புள்ளி குறைந்தது. தபால் வாக்குக்கு ஆதரவு 7 புள்ளி கூடியது. கொரோனாவை வேறு பல நாடுகள் அமெரிக்காவைவிட நன்றாகக் கையாண்டன என்று ஏற்றுக்கொண்டவர்கள் அதிகரித்தார்கள். டிரம்ப் ஏதேனும் தவறு செய்தால் ஃபாக்ஸ் அதைப் பேசாது என்று ஒப்புக்கொள்ளும் போக்கும் கூடியது. தங்களுடைய சேனல் எதை மறைக்கிறது என்று அவர்களுக்கே தெரிய வந்தது.

அந்த இரண்டாவது நம்பிக்கையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். போலீஸ்காரர் சுடப்பட்டால் எதிர்க்கட்சிக்கு வாக்களிப்பவர் மகிழ்கிறார்! பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி, அலுவலகத்தில் எதிர் மேஜையில் இருப்பவரைப் பற்றி ஒருவர் இப்படி நம்பிக்கொண்டிருக்கிறார். இது அரசியல் கருத்து வேறுபாடு அல்ல. எதிரே இருப்பவரை மனிதராக நினைக்க முடியாமல் போவது. அதில் ஒரு பகுதி, ஒரு மாதம் வேறு சேனல் பார்த்ததில் கரைந்துவிடும் அளவுக்கு மேலோட்டமானது என்பதுதான் இந்தச் சோதனையில் என்னை உலுக்கிய செய்தி. கூலி நின்ற பிறகு பெரும்பாலோர் ஃபாக்ஸுக்கே திரும்பினார்கள். இரண்டு மாதத்தில் மாற்றங்களும் பெரும்பாலும் மறைந்துவிட்டன. ஒருமுறை ஊட்டிவிட்டால் நிரந்தரமாகத் தங்கிவிடும் நஞ்சு அல்ல அது என்பதற்கு இதுவே சான்று. தினமும் மாலையில் புதுப்பிக்கப்படுவதால்தான் அது நிற்கிறது.

உங்கள் மாமாவின் விஷயத்துக்கும் இதில் ஒரு குறிப்பு இருக்கிறது. அவருடைய முடிவுகளோடு நீங்கள் மல்லுக்கட்டினால் பயன் குறைவு. அவர் கையில் இருக்கும் செய்திகளை வைத்துப் பார்த்தால் அந்த முடிவுகள் அவருக்கு நியாயமானவையே. அவருக்குச் சொல்லப்படாமல் போன செய்தி எது என்று பாருங்கள். அந்த மாதத்தில் இரண்டு சேனல்களையும் கணக்கெடுத்த ஆய்வாளர்கள் கண்டதும் இதுதான்: சிஎன்என் பெரும்பகுதி நேரத்தைக் கொரோனாவுக்குக் கொடுத்தது, ஃபாக்ஸ் கலவரங்களுக்கும் பைடன் எதிர்ப்புக்கும் கொடுத்தது. சிஎன்என் தன் கட்சிக்கு வசதியில்லாததைக் காட்டாமல் விடுவதில்லையா என்று கேட்டால், அதுவும் விடுகிறது. பொய் சொல்லும் சேனலை ஒருநாள் கையும் களவுமாகப் பிடிக்கலாம். ஒளிபரப்பாமல் விட்ட செய்தியை எப்படிப் பிடிப்பது? பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எந்தப் பார்வையாளருக்குத் தெரியும்?

அதே மொழி, அதே கட்சி, அதே சேனல் என்று எல்லாம் ஒன்றாக இருந்தும், சொன்ன செய்தி மட்டும் மாறியதால் உயிர்கள் போன கதை ஒன்று உண்டு. 2020 பிப்ரவரியில் ஃபாக்ஸில் இரவு எட்டு மணிக்கு டக்கர் கார்ல்சனும் ஒன்பது மணிக்கு ஷான் ஹேனிட்டியும் வந்துகொண்டிருந்தார்கள். இருவரும் வலதுசாரிகள், இருவருக்கும் ஏறத்தாழ அதே பார்வையாளர்கள். கார்ல்சன் தொடக்கத்திலேயே கொரோனாவைப் பெரிய ஆபத்து என்று எச்சரித்தார். ஹேனிட்டி முதல் சில வாரங்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. எதிர்க்கட்சிக்காரர்கள் அதிபரை வீழ்த்த ஊதிப் பெருக்குகிறார்கள் என்ற தொனியில் பேசினார். மார்ச் நடுவில்தான் அவர் குரல் மாறியது. லியோனார்டோ பர்ஸ்டின் தலைமையிலான பொருளியலாளர்கள் இதை ஆராய்ந்தபோது, கார்ல்சனைவிட ஹேனிட்டியை அதிகம் பார்த்த பகுதிகளில் தொடக்க மாதங்களில் தொற்றும் சாவும் கூடுதலாக இருந்ததைக் கண்டார்கள். ஹேனிட்டியின் பார்வையாளர்கள் தங்கள் பழக்கங்களை மாற்றிக்கொள்ளத் தாமதித்தார்கள். கட்சி விசுவாசம் இருவரிடமும் ஒன்றுதான். சேனலைப் பார்ப்பவர் ஏற்கெனவே அந்தக் கருத்தோடுதானே வருகிறார் என்று வாதிடுபவர்களுக்கு இதைவிடக் கடினமான சாட்சி கிடையாது. இந்த நோயைப் பற்றி ஜனவரியில் யாருக்கும் எந்தக் கருத்தும் இல்லை.

பிளவு என்ற சொல்லை இரண்டு பொருளில் பயன்படுத்துகிறோம். வரி, கருக்கலைப்பு, குடியேற்றம் போன்றவற்றில் நிலைப்பாடுகள் விலகிப்போவது ஒன்று. எதிர்க்கட்சிக்காரரை ஆளாகவே பிடிக்காமல் போவது இன்னொன்று. இரண்டாவதுதான் அமெரிக்காவில் தாறுமாறாக வளர்ந்திருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் சாந்தோ ஐயங்காரும் உடன் ஆய்வாளர்களும் எடுத்துக்காட்டிய ஒரு கணக்கு நம் வாசகர்களுக்குச் சட்டென்று உறைக்கும். உங்கள் மகனோ மகளோ எதிர்க்கட்சிக்காரரைத் திருமணம் செய்துகொண்டால் வருத்தப்படுவீர்களா என்று 1960இல் கேட்டபோது, ஆம் என்றவர்கள் இரண்டு கட்சியிலும் ஐந்து சதவீதத்தைத் தாண்டவில்லை. 2010இல் குடியரசுக் கட்சியினரில் ஏறத்தாழ பாதிப்பேரும் ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒரு பங்கினரும் ஆம் என்றார்கள். நம் ஊரில் வரன் பார்க்கும்போது சாதி கேட்பதுபோல அங்கே கட்சி கேட்கும் நிலை.

இந்த வெறுப்புக்கெல்லாம் தொலைக்காட்சிதான் காரணம் என்று சொல்லிவிட்டு நான் நகர முடியாது. கறுப்பினத்தவருக்குச் சம உரிமை தந்த 1964இன் குடிமை உரிமைச் சட்டத்துக்குப் பிறகு தெற்கு மாநில வெள்ளையர்கள் ஜனநாயகக் கட்சியை விட்டு மெல்ல மெல்ல விலகினார்கள். இனமும் மதமும் ஊரும் கட்சியோடு ஒட்டிக்கொண்டன. நாடாளுமன்றத்தில் இரண்டு கட்சிகளும் விலகத் தொடங்கியது 1970களில். அப்போது ஃபாக்ஸும் இல்லை, இணையமும் இல்லை. இணையத்தின் மேல் முழுப் பழியையும் போடுகிறவர்களுக்கும் ஒரு செய்தி: லெவி பாக்ஸெல், மேத்யூ ஜென்ட்ஸ்கோ, ஜெஸ்ஸி ஷாபிரோ மூவரும் 2017இல் காட்டியபடி, பிளவு மிக வேகமாக வளர்ந்தது இணையத்தை மிகக் குறைவாகப் பயன்படுத்தும் முதியவர்களிடம். இதே ஆய்வாளர்கள் பின்னர் பன்னிரண்டு நாடுகளின் நாற்பதாண்டுக் கணக்கை ஒப்பிட்டபோது அமெரிக்காவில் வெறுப்பு எல்லா நாட்டையும் மிஞ்சி வளர்ந்திருந்தது. ஜெர்மனி, ஸ்வீடன், நார்வே போன்ற நாடுகளில் குறைந்திருந்தது. இணையம் அங்கெல்லாமும்தான் இருக்கிறது. அந்த நாடுகளில் வலுவான பொது ஒலிபரப்பு நிறுவனங்கள் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அது மட்டுமே காரணம் என்றும் சொல்லமாட்டேன்.

இன்னொரு நியாயமான மறுப்பும் உண்டு. பிரின்ஸ்டன் பேராசிரியர் மார்கஸ் பிரயர் நெடுங்காலமாகச் சொல்லிவருவது இது: பெரும்பாலான அமெரிக்கர்கள் அரசியல் செய்தியே பார்ப்பதில்லை. முப்பத்து மூன்று கோடிப் பேர் வாழும் நாட்டில் ஃபாக்ஸின் மாலை நிகழ்ச்சிக்குச் சில பத்து லட்சம் பேர்தான். மூன்று சேனல் காலத்தில் செய்தி நேரத்தில் வேறு வழியின்றிச் செய்தி பார்த்தவர்கள், கேபிள் வந்ததும் விளையாட்டுக்கும் படத்துக்கும் போய்விட்டார்கள். செய்தியில் தங்கியவர்கள் கட்சிப் பிடிப்புள்ளவர்கள். பெரிய கூட்டமே பார்க்காதபோது எப்படி நாடு பிளவுபடும்?

இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. பார்ப்பவர் பார்க்காதவரிடம் பேசுகிறார். ஜேம்ஸ் டிரக்மனும் மேத்யூ லெவென்டஸ்கியும் உடன் ஆய்வாளரும் செய்த சோதனையில், கட்சிச் சேனலைப் பார்த்தவர்களோடு உட்கார்ந்து பேசியவர்கள், தாங்கள் பார்க்காமலேயே அதே பக்கம் நகர்ந்தார்கள். ஒத்த கருத்துள்ளவர்கள் மட்டும் கூடிப் பேசிய குழுக்களில் அந்த நகர்வு வலுவாக இருந்தது. அடுத்து, அந்தச் சில பத்து லட்சம் பேர்தான் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி உட்தேர்தலில் தவறாமல் வாக்களிப்பவர்கள், நன்கொடை தருபவர்கள், நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்துச் சத்தம் போடுபவர்கள். அரசியல்வாதிக்கு அவர்களைப் பற்றித்தான் பயம். ஃபாக்ஸ் தங்கள் தொகுதிக்கு வந்த பிறகு நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதிபர் கிளின்டனின் நிலைப்பாடுகளுக்கு அளித்த ஆதரவு சற்றே குறைந்தது என்று ஆய்வாளர்கள் ஜோஷுவா கிளின்டனும் டெட் எனமொராடோவும் கண்டிருக்கிறார்கள்.

இதுவரை சேனல் பார்வையாளரை எப்படி மாற்றுகிறது என்று பேசினோம். பார்வையாளர் சேனலை எப்படிக் கட்டிப்போடுகிறார் என்பது அதைவிடக் குறைவாகப் பேசப்படும் கதை. முதலாளி நினைத்தால் சேனல் எந்தப் பக்கமும் திரும்பும் என்பது பொதுவான எண்ணம். அமெரிக்க நாளிதழ்களின் சாய்வை ஆராய்ந்த ஜென்ட்ஸ்கோவும் ஷாபிரோவும் 2010இல் சொன்னது நேர்மாறானது: முதலாளியின் அரசியலைவிட, அந்த ஊர் வாசகர்களின் அரசியலே சாய்வை விளக்குகிறது. வாசகர் கேட்பதைத்தான் பத்திரிகை விற்கிறது. தொலைக்காட்சிக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதற்குச் சரியான சாட்சியம் 2023இல் நீதிமன்றத்தில் கிடைத்தது.

2020 நவம்பர் 3 இரவு, அரிசோனாவில் பைடன் வெல்கிறார் என்று முதலில் அறிவித்தது ஃபாக்ஸின் தேர்தல் கணிப்புப் பிரிவுதான். கணிப்பு சரியாகவே இருந்தது. ஆனால் பார்வையாளர்கள் கொதித்தார்கள். டிரம்ப் தோற்கவில்லை என்று சொன்ன இன்னொரு வலதுசாரிச் சேனலான நியூஸ்மேக்ஸ் பக்கம் போகத் தொடங்கினார்கள். அடுத்த வாரங்களில் டொமினியன் நிறுவனத்தின் வாக்குப்பதிவு இயந்திரங்கள் வாக்கைத் திருடின என்ற புரளி ஃபாக்ஸின் நிகழ்ச்சிகளில் திரும்பத் திரும்ப வந்தது. டொமினியன் அவதூறு வழக்குப் போட்டது. அந்த வழக்கில் வெளிவந்த உள்ளகச் செய்திகளைப் படித்தால் நெஞ்சு பதறும். கேமராவுக்கு முன்னால் அந்தப் புரளிக்கு இடம் கொடுத்த பிரபலங்கள், தங்களுக்குள் அதைப் பைத்தியக்காரத்தனம் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். டிரம்பின் குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று அதே நிறுவனத்தின் செய்தியாளர் ஒருவர் சமூக வலைதளத்தில் சுட்டிக்காட்டியபோது, அவரை வேலையை விட்டு நீக்கவேண்டும், இது நிறுவனத்தைப் பாதிக்கிறது, பங்கு விலை இறங்குகிறது என்று டக்கர் கார்ல்சன் சக பிரபலங்களுக்குச் செய்தி அனுப்பியிருந்தார். டொமினியனைப் பற்றிய அந்தக் கூற்றுகளில் ஒன்றுகூட உண்மையில்லை என்று வழக்கை விசாரித்த டெலவேர் மாநில நீதிபதி எழுதினார். 2023 ஏப்ரல் 18 அன்று, விசாரணை தொடங்கவிருந்த நேரத்தில், 78.75 கோடி டாலர் கொடுத்து ஃபாக்ஸ் சமரசம் செய்துகொண்டது.

இதில் யார் யாரை ஆட்டுவித்தார்கள்? இருபத்து நான்கு ஆண்டுகள் ஒரு கூட்டத்துக்கு ஒரே வகைச் செய்தியை ஊட்டி வளர்த்த நிறுவனம், ஒரே ஓர் இரவில் உண்மையைச் சொன்னதும் அந்தக் கூட்டம் எழுந்து போகப் பார்த்தது. உண்மையைச் சொல்லும் சுதந்திரத்தைச் சேனல் தானே இழந்திருந்தது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதெல்லாம் ஓரளவு பழகிய காட்சிதான். 2001 ஜூன் 30 அதிகாலையில் கருணாநிதி கைதுசெய்யப்பட்டபோது, அவரைப் போலீஸார் இழுத்துச் செல்லும் காட்சியைச் சன் டிவி நாள் முழுக்கத் திரும்பத் திரும்பக் காட்டியது. ஜெயா டிவியோ அங்கே வந்த திமுகவின் மத்திய அமைச்சர்கள் போலீஸாரோடு மோதியதை முன்னிறுத்தியது. ஒரே வீடு, ஒரே இரவு. ஆனால் பார்த்த சேனலைப் பொறுத்து நடந்ததே வேறு. பின்னாளில் கலைஞர் டிவி, மக்கள் தொலைக்காட்சி, கேப்டன் டிவி, நியூஸ் ஜெ என்று கட்சிக்கொரு சேனல் ஆனது. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கவேண்டும். சன் டிவி அசைக்க முடியாத முதலிடத்தில் இருந்த காலத்திலேயே 2001இலும் 2011இலும் திமுக ஆட்சியை இழந்தது. பெரும்பாலான வீடுகள் அந்தச் சேனலைப் பார்த்தது தொடருக்காகவும் படத்துக்காகவும். எந்தச் சேனல் யாருடையது என்பதும் டீக்கடையில் நிற்பவர் வரை எல்லோருக்கும் தெரியும். முரசொலியைக் கையில் எடுப்பவர் அது திமுகவின் நாளிதழ் என்று தெரிந்தே எடுக்கிறார். வாசிக்கும்போதே அதற்குரிய தள்ளுபடியைச் செய்துகொள்கிறார். ஃபாக்ஸ் இருபது ஆண்டுகள் தன்னை நியாயமான, சமநிலையான செய்தி என்று விளம்பரப்படுத்திக்கொண்டது. கட்சிக்கொடியை வாசலில் கட்டியிருக்கும் ஊடகத்தைவிட, நடுநிலை என்ற பலகையை மாட்டிக்கொண்டு கட்சி வேலை பார்க்கும் ஊடகத்துக்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். அந்த வகையில், இன்றைய இந்தியாவில் எந்தக் கட்சிக்கும் அதிகாரப்பூர்வமாகச் சொந்தமில்லாமல் இரவு விவாதம் நடத்தும் செய்திச் சேனல்கள், நம்முடைய பழைய கட்சிச் சேனல்களைவிட ஃபாக்ஸுக்குத்தான் நெருக்கமானவை.

இதற்கு மருந்து உண்டா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். எதிர்த்தரப்புச் சேனலைப் பாருங்கள் என்ற அறிவுரை, கூலி கொடுத்தால்தான் வேலை செய்கிறது என்பதை மேலே பார்த்தோம். எனக்கு நம்பிக்கை தருவது வேறு திசை, உள்ளூர்ச் செய்தி. அமெரிக்காவில் 2005க்குப் பிறகு மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான செய்தித்தாள்கள் மூடப்பட்டுவிட்டன. பெரும்பாலானவை சிற்றூர்களின் வாரப் பத்திரிகைகள். உள்ளூர்ப் பத்திரிகை மூடப்பட்ட பகுதிகளில், அதிபருக்கு ஒரு கட்சி, நாடாளுமன்ற மேலவையான செனட்டுக்கு இன்னொரு கட்சி என்று ஆளைப் பார்த்துப் பிரித்து வாக்களிப்பது ஏறத்தாழ இரண்டு சதவீதம் குறைந்ததாக ஜோஷுவா டார், மேத்யூ ஹிட், ஜொஹானா டனவே மூவரும் 2018இல் காட்டினார்கள். ஊர்ச் செய்தி இல்லாத இடத்தைத் தலைநகரச் சண்டை நிரப்பிவிடுகிறது.

அதே மூவர் அடுத்து எதிர்த்திசையிலும் பார்த்தார்கள். கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸ் ஊரில் வெளிவரும் டெசர்ட் சன் நாளிதழ், 2019 ஜூலை மாதம் முழுவதும் தன் கருத்துப் பக்கத்தில் தேசிய அரசியலையே அனுமதிப்பதில்லை என்று முடிவெடுத்தது. டிரம்பைப் பற்றிய கட்டுரையும் இல்லை, கடிதமும் இல்லை. அந்த இடத்தை உள்ளூர்க்காரர்கள் எழுதி நிரப்பினார்கள்: பழைய கட்டடங்களைக் காப்பது, சாலை நெரிசல், சுற்றுச்சூழல். அதே மாநிலத்தில் வழக்கம்போல் வெளிவந்த இன்னொரு நாளிதழின் ஊரோடு ஒப்பிட்டபோது, பாம் ஸ்பிரிங்ஸில் எதிர்க்கட்சிக்காரர் மீதான வெறுப்பு வளரும் வேகம் மட்டுப்பட்டது. அந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களிடமும் ஊர் அரசியலில் ஈடுபடுபவர்களிடமும் இது தெளிவாகத் தெரிந்தது. ஒரு மாதம், ஒரு பக்கம், அவ்வளவுதான் மாற்றம். வெறுப்பு மறைந்துவிடவில்லை; மெதுவானது. ஆனால் இதற்கு யாருடைய கட்சியையும் மாற்றவேண்டியிருக்கவில்லை, யாருக்கும் பணம் கொடுக்கவேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கத்துக்கு எது வரலாம் என்பதை ஓர் ஆசிரியர் குழு யோசித்து முடிவு செய்தது. சோதனை மாதம் முடிந்ததும் அந்தப் பத்திரிகை தேசிய அரசியலை மீண்டும் அனுமதித்தது. ஓராண்டு தொடர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை வேறு எந்த ஊராவது செய்து பார்த்தால்தான் சொல்ல முடியும்.